நொய்யற் கரைத் தட்டான்: பெயரும் உருவும் வாழிடமும்

1. முன்னுரை

கொடுமணல் அகழாய்வு நிகழ்ந்த இடத்தை மாணவர்க்குக் காட்டித் திருப்பூருக்கு மீளும் வழியில், நொய்யல் யாற்றின் கரையில் ஒரு மாலைப்பொழுது சிறிது நேரம் தங்கினோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கரையோரக் கோரைகளின்மீதும் தேங்கிய நீரின்மீதும் செம்மஞ்சள் நிறச் சிறகுடைய தட்டான்கள் பலவாகப் பறந்துகொண்டிருந்தன. மாணவர் ஒருவர், 'தட்டான் வாழ்கின்றது. ஆகலின் நீர் தூய்மையுற்றது' என்றார். யாமும் அதற்கு உடன்பட்டுத் தலையசைத்தோம். அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதிய உழவர் ஒருவர், இதே தட்டான் நகரத்துச் சாக்கடையின்மேலும் பறக்கின்றதே, அந்த நீரையும் நல்ல நீர் என்பீர்களோ என்று வினவினார். எமக்கு விடை தோன்றவில்லை.

அவ் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். பழநூற் சொல்லுக்குப் பொருள் காண்போர், ஒரு சொல் ஈண்டு எப்பொருட்டு என்று துணியாது மேற்செல்லார். உயிர்களைச் சான்றாகக் காட்டுமிடத்து அவ்வொழுங்கை யாம் நெகிழவிட்டோம். தட்டான் என்பது ஒரு பெருங்குழுவின் பெயர். உலகில் அக்குழுவில் 6,000-க்கு மேற்பட்ட இனங்களும், இந்திய நாட்டில் ஏறத்தாழ 500 இனங்களும் உள. அவற்றுள் எவ்வினம் என்று கேளாது, தட்டான் உண்டு, ஆகவே நீர் நன்று என்றல் வழுவாம். நொய்யற் கரையில் யாம் கண்ட இனத்தின் பெயர் வரலாறு, உருவம், வாழிடம் ஆகியவற்றை ஆராய்ந்து, அஃது அவ்யாற்றின் அண்மைக்கால வரலாற்றுக்கு எத்துணைச் சான்றாகும் என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. தும்பியும் தட்டானும்

இன்று எழுத்து வழக்கில் தட்டானைத் தும்பி எனக் குறிப்பார் பலர். பள்ளி நூல்களும் செய்தித்தாள்களும் அவ்வாறே எழுதுகின்றன. இவ் வழக்கை அப்படியே சங்க நூல்களுக்கு ஏற்றிப் பொருள் கொள்வோரும் உளர். அது பொருந்துமா என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு இறையனார் பெயரால் வழங்குவது. தருமிக்குப் பொற்கிழி பெற்றுத் தந்ததாகத் திருவிளையாடற் கதை கூறுவதும் அப்பாட்டே. அதன்கண் தலைவன் ஒரு தும்பியை விளித்து, அது தேன் தேடி மலர்தோறும் செல்வதாகலின், தலைவியின் கூந்தலினும் மணமுடைய பூவை அறிந்ததுண்டோ என்று வினவுகின்றான். அவ்வினா பொருளுடையதாக வேண்டுமாயின், வினவப்படும் உயிர் மலரில் தேனுண்பதாக இருத்தல் இன்றியமையாதது. தட்டானோ தேனுண்பதன்று. கொசு, ஈ, சிறு பூச்சி முதலியவற்றைப் பறந்தவாறே பற்றித் தின்னும் ஊனுணி அது. மேலும் சங்கச் செய்யுட்களில் தும்பி இசைப்பதாகவும் முரல்வதாகவும் வருதலைப் பலவிடத்தும் காணலாம். தட்டானுக்கு அத்தகைய முரற்சி இல்லை. கூட்டமாகப் பறக்குமிடத்துச் சிறகு உரசும் மெல்லொலியே கேட்கும். நிகண்டுகளும் தும்பியை வண்டின் பெயர்களோடு வைத்தே எண்ணுகின்றன. இவற்றால் சங்கத் தும்பி வண்டினத்தது என்பது தெளிவு.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவு வகையாற் பகுக்குமிடத்து, நான்கறிவு உடையவற்றுக்கு நண்டையும் தும்பியையும் எடுத்துக்காட்டுகின்றது. உறுதல், சுவைத்தல், மோத்தல், காண்டல் என்னும் நான்கும் உடையன. செவியறிவு இல்லன என்பது அப்பகுப்பின் முறை. இவ்விடத்துத் தும்பியைத் தட்டான் எனக் கொண்டு, அதன் பெருங்கண்களை நோக்கியே ஆசிரியர் காட்சியறிவைச் சேர்த்தார் என உரைப்பது கேட்போர்க்கு இனிதாகவே இருக்கும். பெரிய தட்டானின் ஒரு கண்ணில் ஏறத்தாழ 30,000 சிறு கண்ணறைகள் உண்டென்பதும் உண்மை. எனினும் ஒரு சொற்குச் சங்கப் பாட்டில் ஒரு பொருளும், அக்காலத்தை அடுத்த இலக்கண நூலில் வேறு பொருளும் கொள்ளுதற்கு ஏது வேண்டும். அஃது இன்மையின் ஆண்டும் வண்டென்றே கொள்ளுதல் முறை.

பிற்காலத்தே பொருள் மாறியதற்குத் தென்னாட்டு மொழிகளுள் சான்று உண்டு. மலையாளத்தில் தும்பி என்பது தட்டானையே குறிக்கும். ஓணத்தை ஒட்டிப் பறப்பதனை ஓணத்தும்பி என்பர். தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கிலோ தட்டான், தட்டாம்பூச்சி, தட்டாரப்பூச்சி என்பனவே மிகுதி. மெலிந்த உடலும், அமருங்கால் மடிந்த சிறகும் உடைய இனங்களை ஊசித்தட்டான் என வேறு பிரிப்பர். இப்பிரிவு அறிவியலார் கொண்ட இருபெரும் பிரிவோடு ஒத்து நிற்பது வியப்பு. அமர்ந்த நிலையில் சிறகை விரித்து வைப்பது தட்டான். பெரும்பான்மையும் உடலோடு சேர்த்து வைப்பது ஊசித்தட்டான். சிற்றூர்ச் சிறுவர் நூல் கட்டி விளையாடும் போதே இவ் வேற்றுமையை அறிந்துவிடுகின்றனர்.

தட்டான் என்னும் பெயர்க் காரணம் பற்றி ஒன்று கூறத் தோன்றுகின்றது. பொற்கொல்லரைக் குறிக்கும் சொல்லோடு இஃது ஒலியால் ஒன்றாயினும், அத்தொழிலோடு இப்பூச்சிக்கு இயைபு விளங்கவில்லை. பெண் தட்டான் முட்டையிடும்போது நீர்ப்பரப்பின்மீது தாழப் பறந்து, வால்நுனியால் நீரை மீண்டும் மீண்டும் தட்டுகின்றது. குளக்கரையில் நின்று காண்பார்க்கு முதலிற் புலப்படுவது இச்செயலே. தட்டுவது பற்றித் தட்டான் எனப்பட்டதாகலாம் என்பது எம் கருத்து. இதனைத் துணிபாகக் கூறவில்லை, ஆராய்வார் ஆராய்க.

3. அறிவியற் பெயரின் வரலாறு

நொய்யற் கரையில் யாம் கண்ட இனத்தை அறிவியலார் பிராக்கிதெமிஸ் கண்டாமினேட்டா என வழங்குவர். இதற்கு முதற்பெயர் இட்டவர் யோகான் கிறித்தியான் பாபிரீசியசு (1745–1808). இவர் தேனிய நாட்டினர். சுவீடிய அறிஞர் இலின்னேயசின் மாணவர். கீல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தவர். பூச்சிகளை அவற்றின் வாயுறுப்புக்களைக் கொண்டு வகைப்படுத்திய இவர், 1793-இல் வெளியிட்ட நூலில் தட்டான் குழு முழுமைக்கும் ஓடோனேட்டா என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் பல்லைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். நம் இனத்தின் பெயரும் அவ்வாண்டிலேயே, இந்திய நாட்டினின்று சென்ற உருப்படியைக் கொண்டு இடப்பட்டதாகும். இன்றைய பேரினப் பெயரான பிராக்கிதெமிஸ் என்பதைப் பின்னர் 1868-இல் அமைத்தவர் பிரௌவர்.

இவ்விடத்துத் தமிழாராய்வார்க்கு ஒரு மயக்கம் நேர்தல் கூடும். பாபிரீசியசு என்றவுடன் நம் நினைவிற்கு வருபவர் தரங்கம்பாடிக்கு வந்து, பின் சென்னை வேப்பேரியில் வாழ்ந்து, 1779-இல் தமிழ்–ஆங்கில அகராதி வெளியிட்ட யோகான் பிலிப்பு பாபிரீசியசு (1711–1791) ஆவர். அவர் செருமானியக் கிறித்தவத் தொண்டர். பூச்சி நூலார் வேறொருவர். பெயரொப்புமை கொண்டு இருவரையும் ஒருவராக்குதல் கூடாது. எனினும் இருவரையும் சேர்த்து எண்ணுதற்கு ஓரிடம் உண்டு. அது தரங்கம்பாடி. 1768-இல் அங்கு மருத்துவராக வந்த யோகான் கெர்ஆர்டு கேனிக்கு என்பாரும் இலின்னேயசின் மாணவரே. அவர் தென்னாட்டில் திரட்டிய செடிகளும் பூச்சிகளும் ஐரோப்பிய அறிஞர்க்குச் சென்றன. பூச்சி நூலாராகிய பாபிரீசியசும் அவற்றைப் பயன்கொண்டார். ஒரு கடற்கரைச் சிற்றூரினின்று நம் சொற்களும் நம் பூச்சிகளும் ஒரு நூற்றாண்டிலேயே மேனாட்டு ஏடுகளில் இடம்பெற்றன என்பது கருதத்தக்கது.

கண்டாமினேட்டா என்னும் இலத்தீன் சொல் கறைபட்டது, மாசுற்றது எனப் பொருள்படும். ஆணின் சிறகிற் படிந்த செம்மஞ்சள் நிறத்தைக் கறையாகக் கருதி இப்பெயர் இட்டனர் எனக் கொள்வதே பொருத்தம். உலர்ந்த உருப்படியை வைத்துப் பெயரிட்டவர் அது வாழும் நீரை நோக்கியிருத்தல் இயலாது. ஆனால் இரு நூற்றாண்டு கழிந்தபின் அப்பெயர் வாழிடத்திற்கும் பொருந்துவதாயிற்று. ஆங்கிலத்தில் இதனை டிட்ச் ஜூவல் என்பர். சாக்கடை மணி என்பது அதன் பொருள். இந்தியத் தட்டான்களைப் பற்றி 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் வெளியிட்ட பிரேசர் என்பார், இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். அவரது பெருநூலே இன்றும் இத்துறைக்கு அடிப்படை.

தமிழிற் கட்டுரை எழுதுவார்க்கு ஒரு பெயர் வேண்டும் ஆகலின், சாயச்சிறைத் தட்டான் என இதனை ஈண்டு வழங்குகின்றோம். சிறை என்பது சிறகிற்குரிய பழஞ்சொல். இலத்தீன் பெயரின் பொருளும் இதன்கண் அடங்கும். இவ்வினத்தை யாம் கண்ட ஊரின் தொழிலும் நினைவுக்கு வரும்.

4. உருவம்

சாயச்சிறைத் தட்டான் சிறிய உருவினது. ஆணின் வயிற்றுப்பகுதி 18 முதல் 21 மில்லி மீட்டர் நீளமும், பின்சிறகு 20 முதல் 23 மில்லி மீட்டர் நீளமும் உடையன. பெண்ணின் வயிறு ஏறத்தாழ அவ்வளவே. பின்சிறகு மட்டும் சற்றே நீண்டு 22 முதல் 25 மில்லி மீட்டர் வரை காணப்படும். விரற்கணு இரண்டின் அளவு என்றால் மாணவர் எளிதில் உணர்வர்.

முதிர்ந்த ஆணின் நெஞ்சுப்பகுதி செம்பழுப்பு. வயிறு சிவந்த நிறம். நான்கு சிறகுகளிலும் அடியிலிருந்து நுனியருகே வரையில் அகன்ற செம்மஞ்சள் நிறம் படிந்திருக்கும். சிறகு நுனியருகே முன்விளிம்பில் உள்ள சிறு பொட்டும் துருவின் சிவப்பே உடையது. நுனி மட்டும் நிறமின்றித் தெளிந்து நிற்கும். சாயத் தொட்டியில் துணியின் ஒரு முனையைக் கையிற் பிடித்து மற்றப் பகுதியைத் தோய்த்தெடுத்தாற் போன்றது இத்தோற்றம்.

பெண்ணோ முற்றும் வேறு தோற்றத்தது. உடல் வெளிறிய பசுமஞ்சள். அதன்மீது பழுப்புக் கோடுகள் ஓடும். சிறகு தெளிந்து, அடியில் மட்டும் சிறிது மஞ்சட் சாயல் கொண்டிருக்கும். இளமையில் ஆணும் பெண்ணைப் போன்றே வெளிறித் தோன்றி, முதிர முதிர நிறமேறுகின்றது. இவ்வுண்மை அறியாதார் ஓர் இனத்தையே இரண்டு மூன்று இனமாக எண்ணிவிடுதல் இயல்பு.

ஒத்த நிறமுடைய பிறவற்றினின்று இதனைப் பிரித்தறிதலும் வேண்டும். குளக்கரைகளில் உடல் முழுதும் குருதிச் செம்மை கொண்டு திரியும் குரோக்கோதெமிஸ் செர்விலியா என்னும் இனம் உடலாற் பெரிது. அதன் சிறகு அடிப்பகுதி ஒழியத் தெளிவானது. உடல் சிவந்தும் சிறகு தெளிந்தும் இருப்பின் அது வேறு. சிறகே சாயம் தோய்ந்திருப்பின் சாயச்சிறைத் தட்டான் என்று கொள்க.

5. வாழிடமும் வாழ்முறையும்

தட்டானின் வாழ்நாளிற் பெரும்பகுதி நீருக்குள் கழிகின்றது. முட்டையினின்று வெளிப்படும் இளவுயிர், முன்னே நீண்டு பற்றும் கீழுதட்டால் கொசுப்புழு முதலியவற்றைக் கவர்ந்து உண்ணும். குடலின் இறுதிப்பகுதியில் அமைந்த செவுள்களால் நீரிற் கரைந்த உயிர்வளியைப் பெறும். பலமுறை தோலுரித்து வளர்ந்து, இறுதியில் கோரைத் தண்டின்மீது ஏறி, முதுகு பிளந்து சிறகுடன் வெளிப்போதும். பட்டுப்பூச்சியைப் போன்று கூட்டுப்புழுப் பருவம் இதற்கு இல்லை. நாம் வானிற் காண்பது அதன் வாழ்வின் இறுதி அதிகாரமேயாம். ஆகலின் பறக்கும் தட்டானை விட, கோரைத்தண்டில் ஒட்டி நிற்கும் அதன் உரிந்த தோலே அந்த நீரில் அது பிறந்து வளர்ந்தது என்பதற்கு நேர்ச்சான்று.

சாயச்சிறைத் தட்டான் இந்தியா, இலங்கை தொடங்கிக் கிழக்கே சீனம், இந்தோனேசியா வரையில் பரவி வாழ்வது. அழியும் நிலையில் உள்ள இனமன்று. குளம், ஏரி, மெல்ல ஓடும் கால்வாய், நீர் தேங்கிய பள்ளம் ஆகியவை அதன் இடங்கள். கழிவுநீர் கலந்து, உயிர்வளி குறைந்த நீரையும் அது வெறுப்பதில்லை. கரையோரப் புல்லிலும் மிதக்கும் இலையிலும் அமர்ந்து, நீர்மட்டத்தை ஒட்டித் தாழப் பறக்கும். கதிரவன் மறையும் நேரத்திலும் ஊக்கத்துடன் இரைதேடும்.

இவ்விடத்து மற்றோர் இனத்தோடு இதனை ஒப்பிடுதல் பயன்தரும். தட்டான் தாழப் பறத்தல் மழைக்குறி என்பது நம் நாட்டு மக்களின் நெடுநாளைய கருத்து. பருவக்காற்றோடு பெருங்கூட்டமாக வருவது பண்டாலா பிளாவெசென்ஸ் என்னும் மஞ்சள் நிறத் தட்டான். மழையால் தோன்றும் தற்காலிகக் குட்டைகளில் விரைந்து பெருகி, நீர் வற்றுமுன் சிறகு பெற்று நீங்குவது அதன் இயல்பு. நன்னீர் நிலை அரிதாகிய மாலத்தீவில் ஆண்டுதோறும் அக்டோபரை ஒட்டி அது பெருந்திரளாகத் தோன்றுவதை ஆராய்ந்த ஆண்டர்சன் என்பார், இந்தியாவினின்று கடல்கடந்து கீழை ஆப்பிரிக்காவிற்கு அது செல்கின்றது என்னும் கருத்தை 2009-இல் வெளியிட்டார். இவ்வழிச்செல்வோன் திருப்பூர் வானிற் பறப்பதைக் கொண்டு நொய்யலின் நிலையை அறிதல் இயலாது. அஃது எந்நாட்டுக் குட்டையிற் பிறந்ததோ! சாயச்சிறைத் தட்டானோ அத்தகைய நெடும்பயணி அன்று. பெரும்பாலும் பிறந்த நீரைச் சார்ந்தே வாழ்வது. ஆகலின் ஊர்நீரின் வரலாற்றுக்குச் சான்று கூற உரிமையுடையது அதுவேயாகும்.

6. நொய்யலும் சாயமும்

சான்று கூறுவோன் யாவன் என அறிந்தோம். எவ்வழக்கிற் கூறுகின்றான் என்பதை இனி நோக்குவோம்.

நொய்யல், மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரிப் பகுதியில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியே ஓடிக் காவிரியொடு கலப்பது. பேரூர்த் தலமரபில் காஞ்சிமாநதி என்னும் பெயர் பெற்றது. மழைக்காலத்து நீரை அணைக்கட்டுகளால் மறித்து, வாய்க்கால் வழியே குளங்களில் நிரப்பும் ஒழுங்கைக் கொங்கு நாட்டார் பழமையிலேயே அமைத்தனர்.

அவ்யாற்றின் வடகரையில் உள்ள கொடுமணல், பதிற்றுப்பத்துக் குறிக்கும் கொடுமணம் என அறிஞர் கொள்வர். 1985 தொட்டுத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மணி செய்த பட்டறைகளும், தமிழ்ப்பிராமி எழுத்துடைய பானையோடுகளும் வெளிப்பட்டன. நூல் நூற்கும் தக்களி வில்லைகளும் ஆங்குக் கிடைத்துள. சாயந்தோய்த்தற்குரியன எனக் கருதப்படும் தொட்டிகள் உறையூரிலும் அரிக்கமேட்டிலும் காணப்பட்டன. நூலும் சாயமும் தமிழ்நாட்டிற்குப் புதியன அல்ல என்பது இவற்றாற் போதரும். புதியது அளவும் பொருளுமே.

திருப்பூரின் பின்னலாடைத் தொழில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பனியன் ஆலைகளாகத் தொடங்கிற்று. 1970-களின் இறுதியிலிருந்து ஏற்றுமதி பெருகவே, வெளுப்பாலைகளும் சாயப்பட்டறைகளும் நொய்யலையும் அதன் ஓடைகளையும் சார்ந்து பெருகின. பருத்தி இழையில் சாயம் பற்றுதற்கு உப்பு மிகுதியாக வேண்டும். துணியை அலசிய நீரில் எஞ்சிய சாயமும் அவ்வுப்பும் ஒருங்கே வெளிப்போயின. முன்னைய தூய்மைமுறைகளால் நிறத்தை ஓரளவு நீக்க முடிந்தது. கரைந்த உப்பை நீக்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரியும் சாயம் நீங்கிய நீர், கண்ணுக்குத் தெரியாத உப்பால் பயிரையும் கிணற்றையும் கெடுத்தது. நீரைக் காட்சியால் மட்டும் அளத்தல் ஆகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

1992-இல் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பெற்றது. பாசனத்திற்கெனக் கட்டிய அணை சில ஆண்டுகளுள் சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. உழவர் நயமன்றம் சென்றனர். கழிவுநீர் சிறிதும் வெளியேறாத முறையை மேற்கொள்ள வேண்டுமெனச் சென்னை உயர்நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் 2009-இல் அப்பொறுப்பை உறுதி செய்தது. ஆணை நிறைவேறாமையால் 2011 சனவரி 28-இல் சாயப்பட்டறைகள் யாவற்றையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. 700-க்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். அவர்தம் துன்பத்தையும், உப்பூறிய கிணற்றோடு வாழ்ந்த உழவர்தம் துன்பத்தையும் ஒரு துலாக்கோலில் வைத்து நோக்காத வரலாறு நடுநிலை வரலாறாகாது. பின்னர், நுண்சவ்வு வழியே நீரைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தி, எஞ்சிய உப்புநீரை வற்றச்செய்யும் நிலையங்களோடு பட்டறைகள் படிப்படியே இயங்கத் தொடங்கின.

இதே காலப்பகுதியில் வேறொரு செய்தியும் நிகழ்ந்தது. திருப்பூர் ஊத்துக்குளிச் சாலையை அடுத்த நஞ்சராயன் குளம், முன்னாளில் அதனைச் செப்பனிட்ட நஞ்சராயன் என்னும் அரசன் பெயரால் வழங்குவது. நல்லாற்று நீரைப் பெறும் அக்குளம் 2022-இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சார் உடன்படிக்கைவழிப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆங்கு 191 வகைப் பறவைகள் எண்ணப்பட்டுள. ஆலைச் சங்கொலி கேட்கும் தொலைவில் இத்தகைய நீர்நிலை எஞ்சியிருப்பது இவ்வூரின் பேறு.

7. சான்றாராய்ச்சி

இனி உழவரின் வினாவிற்கு விடை காண முயல்வோம். வழக்காராய்ச்சியில் ஒரு சான்றினை ஏற்குமுன், அது எதனைக் கூற வல்லது, எதனைக் கூற வல்லதன்று என வரையறுத்தல் முறை. சாயச்சிறைத் தட்டான் ஓரிடத்தில் வாழ்கின்றது என்பதனால், அவ்விடத்தில் நீர் நிலைத்து நிற்கின்றது என்பதும், அதன் இளவுயிர் வாழும் அளவிற்கேனும் நீர் உயிர்ப்புடையது என்பதும் பெறப்படும். நீர் தூயது என்பது பெறப்படாது. மாசினைப் பொறுக்கும் இனம் தூய நீரிலும் வாழும். மாசுற்ற நீரிலும் வாழும். இருவழியும் ஒக்கும் ஏது, ஒருவழிக்குச் சான்றாகாது.

இதன் மறுதலையும் கொள்ளத்தக்கதன்று. சாக்கடையிற் பறக்கின்றது என்பதனால், இது பறக்கும் நீரெல்லாம் சாக்கடை என்றலும் வழுவே. சாக்கடை மாசு வேறு. சாயப்பட்டறை உப்பு வேறு. முன்னதைப் பொறுக்கும் உயிர் பின்னதையும் எவ்வளவாயினும் பொறுக்கும் எனத் துணிதல் கூடாது.

ஆயின் இச்சான்றினாற் பயன் என்னை எனின், கூறுவோம். ஓரினத்தைத் தனித்து நோக்காது, உடனுறையும் இனங்களோடு சேர்த்து நோக்குமிடத்தே அதன் சான்று வலிபெறும். நொய்யல் தோன்றும் மலைச்சாரல் போன்ற மேற்குமலை ஓடைகளில், நிழலும் ஓட்டமும் தண்மையும் உடைய நீரையே சார்ந்து வாழும் ஊசித்தட்டான்கள் உள. பச்சை ஒளி வீசும் சிறகுடைய நியூரோபேசிஸ் சைனென்சிஸ் அவற்றுள் ஒன்று. சமவெளிக் குளங்களில் கோரையும் தாமரையும் நிறைந்தவிடத்துப் பொன்னும் கருமையும் கலந்த அகன்ற சிறகுடைய ரையோதெமிஸ் வாரியகேட்டா, புலிவரி போன்ற கோடுகளையுடைய ஆர்த்தெட்ரம் சபினா முதலியன வாழும். சிமெண்டுத் தொட்டியிலும் பாறைக்குழி நீரிலும் பெருகி, கருங்கற் சுவரில் கல்லோடு கல்லாக ஒட்டி அமரும் பிராடினோபைகா ஜெமினேட்டாவை நகரத்து மதில்களிலும் காணலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீருக்கு உரியது. முதல், கரு, உரி என நிலத்தோடு உயிரை இயைத்துக் கண்ட தமிழ்மரபிற்கு இவ்வுண்மை அயலானதன்று.

ஆகவே ஒரு குளத்தில் பல இனங்களோடு சாயச்சிறைத் தட்டானும் ஒன்றாக வாழுமாயின் அக்குளம் நலமுடையது எனக் கருதலாம். ஏனையவெல்லாம் நீங்க, இது ஒன்றே பெருகித் திரியுமாயின் நீர் கெட்டது எனக் கொள்ளலாம். யாம் நொய்யற் கரையில் அன்று கண்டது இரண்டாவது நிலை. செம்மஞ்சட் சிறகையன்றி வேறு சிறகை அம்மாலையில் யாம் காணவில்லை. ஒருநாட் காட்சி முடிந்த முடிபிற்குப் போதாது. பருவந்தோறும் எண்ணுதல் வேண்டும். ஆயினும் யாம் தலையசைத்தது தவறு என்பதற்கு அக்காட்சியே போதும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். சங்க நூல்களின் தும்பி வண்டினமே. தட்டானைத் தும்பி என்பது பிற்கால வழக்கு. பழம்பாட்டிற்கு உரைகாண்போர் இரண்டையும் மயக்குதல் கூடாது. கண்டாமினேட்டா என 1793-இல் பெயர்பெற்ற இனம், சிறகின் நிறத்தாற் பெற்ற பெயரை இன்று வாழும் நீராலும் பெறத் தக்கதாயிற்று. அவ்வினத்தின் இருப்பு நீரின் தூய்மைக்குச் சான்றன்று. பிற இனங்களோடு சேர்த்து எண்ணப்படுமிடத்தே அது சான்றாகும்.

கொடுமணலில் பானையோட்டின்மீது கீறிய ஓரெழுத்தை நாம் பலகால் திருப்பித் திருப்பி நோக்குகின்றோம். அதே யாற்றங்கரையில் கோரைத்தண்டில் ஒட்டிய தட்டானின் உரிந்த தோலும் ஓர் ஆவணமே. அடுத்த மழைக்குள் அழிந்துபோகும் ஆவணம். நொய்யற் கரையூர்களில் உள்ள கல்லூரி மாணவர், தம் ஊர்க்குளத்தில் எவ்வெத் தட்டான்கள் எப்பருவத்தில் வாழ்கின்றன என்று ஆண்டுதோறும் எண்ணி எழுதுவாராயின், அவ்யாறு நலம்பெறுகின்றதா இல்லையா என்பதற்கு நீதிமன்ற ஏடுகளோடு ஒருங்கு வைத்துப் பார்க்கத்தக்க வரலாறு கிடைக்கும். மக்கள் வழங்கும் பெயர்களையும் உடன் தொகுப்பாராயின் சொல்லாராய்ச்சிக்கும் அது பயன்படும்.

அம்முதிய உழவர்க்கு யாம் அன்று சொல்லாத விடை இதுவே: தட்டான் பறக்கின்றது என்பது போதாது, எத்தட்டான், எவற்றோடு பறக்கின்றது என்று கேட்டல் வேண்டும். அவ்வினாவை எம்மினும் முன்னரே உணர்ந்தவர் அவர். அதனை எமக்கு அறிவுறுத்திய அப்பெரியார்க்கு எம் நன்றி உரியது.